பதினேழு மணி நேரக் கெடு

ட்ரையத்லான் என்று சொன்னால் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஏதோ புது மாத்திரையின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாத்திரை இல்லை, போட்டி. முதலில் நீந்த வேண்டும், கரையேறியதும் சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கியதும் ஓட வேண்டும். நடுவே ஓய்வு கிடையாது. ஈர உடை மாற்றுகிற நேரமும் ஷூ மாட்டுகிற நேரமும்கூடக் கணக்கில் சேரும்.

இதில் பல தூரங்கள் உண்டு. எல்லாவற்றிலும் பேர்போனது அயர்ன்மேன். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். நம் கணக்கில் சொன்னால், 25 மீட்டர் குளத்தில் 152 முறை நீந்திவிட்டு, சென்னையிலிருந்து விழுப்புரம் தாண்டும் வரை சைக்கிளில் போய், அங்கே இறங்கி ஒரு முழு மாரத்தான் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில். பொதுவாக 17 மணி நேரம் கெடு. அதற்கு மேல் ஒரு விநாடி ஆனாலும் முடித்தவர் பட்டியலில் பெயர் வராது.

நான் மூன்று வருடமாக இதில் சரிபாதித் தூரத்துக்குப் பயிற்சி செய்து வருகிறேன். தொடங்கும்போது வயது 63, இப்போது 66. நீளமான பயிற்சிகளில் மனதுக்கு வேறு வேலை இல்லை. இந்தப் போட்டி எங்கிருந்து வந்தது, இந்தக் கெடுவை எதற்கு வைத்தார்கள் என்ற கேள்விகள் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து தேடிப் படிப்பேன். படித்ததில் ஜெயித்தவர்களைவிட, கடிகாரத்தோடு மல்லுக்கு நின்றவர்கள்தான் எனக்கு நெருக்கமாகத் தெரிந்தார்கள். அவர்களில் பலர் நம் வயதுக்காரர்கள். அந்தக் கதையை இங்கே சொல்கிறேன்.

வாய்ச்சண்டையில் பிறந்த போட்டி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் சேர்த்து ட்ரையத்லான் என்ற பெயரில் 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோவில், மிஷன் பே என்ற இடத்தில் ஒரு போட்டி நடந்தது. உள்ளூர் ஓட்டக்காரர்கள் சங்கம் நடத்தியது. 46 பேர் கலந்துகொண்டார்கள். தூரங்கள் சிறியவை, ஒரு சாயங்காலப் பொழுதில் முடிகிற விஷயம். அதில் கலந்துகொண்டவர்களில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் உண்டு.

பிறகு காலின்ஸுக்கு ஹவாய்த் தீவுக்கு மாற்றல் ஆனது. 1977இல் ஒஹாஹு தீவில் ஒரு தொடர் ஓட்டப் போட்டியின் பரிசளிப்பு விழா. அங்கே ஒரு வாக்குவாதம் கிளம்பியது. யாருக்கு உடம்பில் அதிக வலு? ஓடுகிறவனுக்கா, நீந்துகிறவனுக்கா? நம் ஊர் டீக்கடையில் எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று நடக்குமே, அந்த மாதிரி. காலின்ஸ் நடுவில் புகுந்து மூன்றாவதாக ஒருவரைக் கொண்டுவந்தார். பெல்ஜியத்து சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ், அளந்து பார்த்த வீரர்களிலேயே அதிக அளவு ஆக்சிஜனை உடம்பில் எடுத்துக்கொள்ளக்கூடியவர் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். அப்படியானால் சைக்கிள்காரன்தானே பெரியவன்?

இந்த ஆக்சிஜன் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் கதையிலும் அது வரும்.

பேசித் தீராததை ஒரே நாளில் நடத்தித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார் காலின்ஸ். அந்தத் தீவில் ஏற்கெனவே மூன்று பெரிய போட்டிகள் இருந்தன. வைகிகி கடல் நீச்சல் 2.4 மைல். தீவைச் சுற்றி வரும் சைக்கிள் பயணம் 115 மைல். அதை இரண்டு நாளில் முடிப்பார்கள். ஹொனலூலு மாரத்தான் 26.2 மைல். மூன்றையும் வரிசையாக வைத்தார்கள். மாரத்தான் தொடங்கும் இடத்திலேயே சைக்கிள் முடிய வேண்டும் என்பதற்காக 115 மைலில் 3 மைலைக் கழித்தார்கள். இன்று உலகம் முழுக்க 112 மைல், அதாவது 180 கி.மீ., என்று புனிதமாக மதிக்கப்படும் தூரம் அப்படித்தான் வந்தது.

1978 பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலை 15 பேர் கடலில் இறங்கினார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவர் கார்டன் ஹாலர். 11 மணி 46 நிமிடம். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துவிட, உடன் வந்த உதவியாளர்கள் பீர் கொடுத்தார்கள். தண்ணீரும் உணவும் அவரவர் பொறுப்பு. இவ்வளவு தூரத்துக்கு எப்படிப் பயிற்சி செய்வது என்று சொல்லித்தர உலகத்தில் ஒரு ஆள்கூட இல்லை. ஏனென்றால் அதற்கு முன் யாரும் செய்ததில்லை.

காலின்ஸும் அன்று போட்டியில் இருந்தார். ஒன்பதாவதாக வந்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 17 மணியும் சில விநாடிகளும். கடைசி ஆள் வந்தபோது 21 மணி நேரம் ஆகியிருந்தது. இன்றைய கெடு அன்று இருந்திருந்தால், போட்டியைக் கண்டுபிடித்தவரே முடித்தவர் பட்டியலில் இருந்திருக்க மாட்டார்.

அடுத்த வருடமும் 15 பேர்தான் இறங்கினார்கள். அதில் லின் லெமேர் என்ற ஒரே பெண்மணி, எல்லோரையும் சேர்த்து ஐந்தாவதாக முடித்தார். 12 மணி 55 நிமிடம். காலின்ஸைவிட நான்கு மணி நேரம் குறைவு.

26 மணி நேரம் எடுத்துக்கொண்ட சித்தாள்

1979 போட்டியைப் பற்றி ஒரு பெரிய விளையாட்டுப் பத்திரிகை நீளமாக எழுத, 1980இல் டெலிவிஷன் வந்தது. கூட்டம் பெருகியது. ஒஹாஹு தீவின் போக்குவரத்து நெரிசலில் இதை நடத்த முடியாது என்று, அப்போது பொறுப்பேற்றிருந்த வலேரி சில்க் 1981இல் போட்டியை ஹவாயின் பெரிய தீவிலுள்ள கோனா என்ற ஊருக்கு மாற்றினார். இருபுறமும் கறுத்துக் கிடக்கும் எரிமலைக் குழம்புப் பாறை, வெயில், எதிர்க்காற்று. இன்றைக்கும் கோனா என்றால் இந்தப் போட்டிக்காரர்களுக்குக் காசி, ராமேஸ்வரம் மாதிரி.

அந்த 1981 போட்டியில்தான் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் வருகிறார். பெயர் வால்ட் ஸ்டாக். வயது 73. சான் பிரான்சிஸ்கோவில் கட்டட வேலையில் கலவையும் செங்கல்லும் சுமந்தவர். நம் ஊரில் சித்தாள் என்போமே, அந்த வேலை. தினமும் காலையில் கோல்டன் கேட் பாலத்தின் மேல் ஓடுவதும், குளிர்ந்த விரிகுடாத் தண்ணீரில் நீந்துவதும் அவர் பழக்கம். கோனாவில் முழுத் தூரத்தையும் முடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 26 மணி 20 நிமிடம். ஒரு பகல், ஒரு முழு இரவு, மறுநாள் காலை. இதுவரை முடித்தவர்களில் மிக அதிக நேரம் எடுத்துக்கொண்டவர் அவர்தான். இனி யாரும் அந்தச் சாதனையை முறியடிக்கவும் முடியாது. ஏனென்றால் அதற்குப் பிறகு கெடு வந்துவிட்டது.

1980களின் தொடக்கத்தில் வந்த அந்தக் கெடு, கொஞ்சம் முன்னே பின்னே மாறி 17 மணி நேரத்தில் நிலைத்தது. முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 73 வயதுக்காரர் ஆசைப்பட்டு ஓடினால் இவர்களுக்கு என்ன? யோசித்தால் நியாயம் புரிகிறது. நூற்றுக்கணக்கான பேர் இருட்டில் நெடுஞ்சாலையில் ஓடுகிறார்கள். ஒவ்வொரு மைலிலும் தண்ணீரோடு தன்னார்வலர்கள் நிற்க வேண்டும். மருத்துவர்கள் விழித்திருக்க வேண்டும். சாலையை மூடி வைத்திருக்க வேண்டும். எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். அன்றெல்லாம் காலை ஏழு மணிக்குத் தொடக்கம். 17 மணி நேரம் என்றால் நள்ளிரவு 12. எல்லோருக்கும் புரிகிற கோடு.

அந்தக் கோட்டினால் எதிர்பாராத ஒன்று நடந்தது. முதலில் வருபவர் எட்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறார். கூட்டம் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறது. இரவு பதினொரு மணிக்கு மேல் மறுபடியும் திரண்டு வருகிறது. யாருக்காக? கடைசியாக வருகிறவர்களுக்காக. ஜெயித்தவர்களே குளித்து, சாப்பிட்டு, திரும்பி வந்து கோட்டருகில் நின்று கைதட்டுவது வழக்கம். வேறு எந்த விளையாட்டிலும் கடைசி ஆளுக்கு இந்த மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

இந்த மரியாதைக்கு வித்திட்டது 1982 பிப்ரவரியில் நடந்த ஒரு சம்பவம். ஜூலி மாஸ் என்ற 23 வயது மாணவி, தன் உடலியல் பட்டப்படிப்பு ஆய்வுக்காகப் போட்டியில் கலந்துகொண்டார். யாரும் எதிர்பாராமல் பெண்களில் முன்னணியில் வந்தார். முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கால்கள் மடிந்து விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசியில் தவழ்ந்தே போனார். அவர் தரையில் கிடக்கும்போது கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போய் முதலாவதாக வந்தார். வித்தியாசம் 29 விநாடி. டெலிவிஷனில் இதைப் பார்த்த அமெரிக்கர்களுக்கு முதலில் வந்தவர் பெயரைவிடத் தவழ்ந்து வந்தவர் பெயர்தான் மனதில் நின்றது. அவர்களில் பலர் அடுத்தடுத்த வருடங்களில் போட்டியாளர்களாகவே வந்தார்கள்.

மெதுவாக ஓடி வேகம் கற்றவர்

பயிற்சி என்ற விஷயத்துக்கு வருவோம். முதல் பத்து வருடம் எல்லோரும் ஒரே மாதிரிதான் பயிற்சி செய்தார்கள்: முடிந்த அளவு, முடிந்த வேகத்தில். மார்க் ஆலனும் அப்படித்தான். குறுகிய தூரங்களில் அவரை அடிக்க ஆளில்லை. கோனாவில் மட்டும் ஆறு முறை முயன்றும் ஜெயிக்க முடியவில்லை. அங்கே ராஜா டேவ் ஸ்காட்; ஆறு முறை பட்டம் வென்றவர்.

ஆலனுக்கு ஒரு யோசனை சொன்னவர் பில் மஃபெடோன் என்ற பயிற்சியாளர். 180இலிருந்து உன் வயதைக் கழி. உடல்நிலையைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டு அல்லது குறை. வருகிற எண்ணுக்கு மேல் இதயத் துடிப்பு போகாமல் பயிற்சி செய். இவ்வளவுதான். ஆலனுக்கு வந்த எண் நிமிடத்துக்கு 155. அந்தத் துடிப்பைத் தாண்டாமல் ஓடிப் பார்த்தால் ஒரு மைலுக்கு எட்டேகால் நிமிடம் ஆனது. உலகத்தரமான வீரருக்கு அது ஆமை வேகம். பொறுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அப்படியே ஓடினார். ஏறத்தாழ ஒரு வருடத்தில், அதே 155 துடிப்பில், மைலுக்கு 5 நிமிடம் 20 விநாடி என்ற வேகம் வந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அதே இதயம், அதே உழைப்பு. போகிற தூரம் மட்டும் கூடிவிட்டது.

1989இல் கோனாவில் ஆலனும் ஸ்காட்டும் எட்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். மாரத்தானின் கடைசி மேட்டில் ஆலன் பிரிந்து முன்னே போய் 58 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். பிறகு அவரும் மொத்தம் ஆறு பட்டம் வென்றார்.

எனக்கு இதில் பிடித்தது வெற்றி இல்லை, அளவுகோல். முன்னேற்றத்தை அடுத்தவனை வைத்து அளக்க வேண்டாம், கடிகாரத்தை மட்டும் வைத்தும் அளக்க வேண்டாம். ஒரே அளவு உழைப்புக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் போதும். வங்கியில் 34 வருடம் லெட்ஜர் பார்த்தவனுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

வயதானவர்கள் வந்த வழி

வால்ட் ஸ்டாக்குக்குப் பிறகு வயதானவர்கள் ஒதுங்கிவிடவில்லை. கெடுவுக்குள் வரக் கற்றுக்கொண்டார்கள்.

மடோனா பூடர் ஒரு கன்னியாஸ்திரி. 1930இல் பிறந்தவர். 48 வயது வரை ஓடியதே இல்லை. ஒரு பாதிரியார் சொல்லி ஓட ஆரம்பித்தார். 55 வயதில் முதல் அயர்ன்மேன். அதன் பிறகு நிறுத்தவே இல்லை. வயது வாரியாகப் பிரிவு வைத்திருப்பார்கள் அல்லவா? இந்த அம்மாவுக்கு வயது ஏற ஏற, அந்த வயதில் பெண்கள் பிரிவே இல்லாமல் புதிது புதிதாகத் திறக்க வேண்டியிருந்தது. 2012இல், 82ஆவது வயதில், கனடாவில் நடந்த போட்டியை 17 மணி நேரத்துக்குள் முடித்தார்.

ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா செய்தியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உடல்நலமில்லாத மனைவியைக் கவனித்துக்கொள்வதற்காக வேலையிலிருந்து வந்தவர், 60 வயதில் நீந்தத் தொடங்கினார். 70இல் முதல் ட்ரையத்லான். 2015இல் கோனாவில், 82 வயதில், நள்ளிரவு தாண்டிச் சில விநாடிகளில் கோட்டைத் தொட்டார். பதினேழு மணி நேரம் போராடியும் முடித்தவர் பட்டியலில் பெயர் இல்லை. மறுவருடம் திரும்பி வந்து கெடுவுக்குள் முடித்தார். 2018இல், 85 வயதில், மறுபடியும் முடித்தார். 16 மணி 53 நிமிடம்.

2025 அக்டோபரில் நடாலி க்ராபோ என்ற அமெரிக்கப் பெண்மணி 80 வயதில் கோனாவில் முடித்தார். அவர் நீச்சலே 59 வயதில்தான் கற்றுக்கொண்டார்.

இனாடாவின் 2015, 2016 வருடங்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். மனித உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் உச்ச அளவு, முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் குறைந்துகொண்டே போகும். விடாமல் பயிற்சி செய்தால் அந்தச் சரிவு மெதுவாகும், நிற்காது. 1977இல் எடி மெர்க்ஸை வைத்துச் சண்டை போட்டார்களே, அதே அளவுதான். அப்படிப் பார்த்தால் 83 வயது இனாடா 82 வயது இனாடாவைவிடப் பின்தங்கியிருக்க வேண்டும். சில விநாடியில் தவறவிட்டவர் மறுவருடம் சில நிமிடமாவது கூடுதலாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் பத்து நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்தார். தினமும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் எஸ்கலேட்டரில் மேலே ஏறிய மாதிரி.

நம் பக்கம்

இந்தியாவில் இது சமீபத்தில் வந்த ஆசை. அனு வைத்தியநாதன் 2009இல் கனடாவில் அல்ட்ராமேன் போட்டியை முடித்தார். அது அயர்ன்மேனைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மூன்று நாள் நடப்பது. 10 கி.மீ. நீச்சல், 420 கி.மீ. சைக்கிள், 84 கி.மீ. ஓட்டம். அவருடைய பெயர் பத்திரிகைகளில் வந்தபோது இங்கே பல பேருக்கு ட்ரையத்லான் என்றால் என்ன என்றே தெரியாது. 2015இல் நடிகர் மிலிந்த் சோமன் 49 வயதில் சூரிச்சில் முழு அயர்ன்மேன் முடித்ததும் நடுத்தர வயதுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2019 அக்டோபரில் கோவாவில் அரைத் தூரப் போட்டி வந்தது: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மைல் கணக்கில் மூன்றையும் கூட்டினால் 70.3 என்பதால் அந்த எண்ணே அதன் பெயர். பொதுவாக எட்டரை மணி நேரம் கெடு. நான் குறிவைத்திருப்பது இந்தத் தூரத்தைத்தான்.

என் லெட்ஜர்

ஆரம்பிக்கும் முன் இதய மருத்துவரிடம் போய் எக்கோ, ட்ரெட்மில் சோதனை எல்லாம் எடுத்துக்கொண்டேன். இதைப் படித்துவிட்டு யாராவது ஷூ வாங்கப் புறப்பட்டால், முதலில் அங்கே போங்கள், பிறகு கடைக்கு.

180இலிருந்து 63 போனால் 117. அதைத் தாண்டாமல் 8 கி.மீ., வாரம் ஒரு முறை, ஒரே பாதையில், காலை ஐந்து மணிக்கு. நீச்சலுக்கு 25 மீட்டர் குளம். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். சுருக்கமாக:

முதல் மாதம்: நீச்சல் 25 மீட்டர், பிறகு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் மூச்சு வாங்கல். 8 கி.மீ. 84 நிமிடம், பாதி நடை.
ஆறாம் மாதம்: நிற்காமல் 400 மீட்டர். 8 கி.மீ. 80 நிமிடம்.
ஒரு வருடம்: 1000 மீட்டர் 40 நிமிடம். 8 கி.மீ. 76 நிமிடம்.
இரண்டு வருடம்: 1900 மீட்டர் 68 நிமிடம். 8 கி.மீ. 74 நிமிடம்.
மூன்று வருடம்: 1900 மீட்டர் 63 நிமிடம். 8 கி.மீ. 74 நிமிடம்.

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். நீச்சல் இன்னும் குறைகிறது. ஓட்டம் ஒரு வருடமாக நகரவில்லை.

நீச்சல் குறைவதற்குக் காரணம் உண்டு. அது பாதி வலு, பாதி வித்தை. நான் தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவன். அந்த நீச்சல் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு அடிப்பது. தலை மேலே போனால் கால் கீழே போகும். இழுக்க வேண்டிய சுமை இரட்டிப்பாகும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, உடம்பைப் படகு மாதிரி நேராக வைத்து, பக்கவாட்டில் மூச்சு வாங்கப் பழகவே எட்டு மாதம் ஆனது. வித்தைக்கு வயது கிடையாது. இன்னும் கற்றுக்கொள்ள இடம் இருப்பதால் நேரம் குறைந்துகொண்டே வருகிறது.

ஓட்டம் அப்படி இல்லை. அது பெரும்பாலும் அந்த ஆக்சிஜன் கணக்கு. குளத்தில் எனக்குச் சொல்லித்தரும் பையனிடம் ஒரு நாள் சலித்துக்கொண்டேன். “ஒரு வருஷமா 74 நிமிஷத்துலயே நிக்குதுப்பா. இதுக்கு மேல வராது போல.”

அவன் சொன்னான்: “சார், போன வருஷம் உங்களுக்கு 65. இப்ப 66. ஒரு வயசு கூடியும் அதே 74 வருதுன்னா நீங்க நிக்கலை சார், ஓடிக்கிட்டுத்தான் இருக்கீங்க.”

இருபத்தாறு வயதுப் பையன். ஆனால் இந்தப் போட்டியைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டான். இளவயதில் முன்னேற்றம் என்றால் எண் மாற வேண்டும். நம் வயதில் எண் மாறாமல் இருப்பதற்கே தினமும் காலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. லெட்ஜரில் இரண்டு பக்கமும் ஒரே தொகை நிற்கிறது என்றால், நடுவில் வரவே இல்லை என்று அர்த்தமா? செலவுக்குச் சரியாக வரவு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் மனதுக்கு ஆறுதல். கடிகாரத்துக்கு ஆறுதல் தெரியாது. சென்ற மாதம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நீச்சல் 63 நிமிடம். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்வர ஏறத்தாழ 90 கி.மீ.; அது எனக்கு 4 மணி 10 நிமிடம். 21.1 கி.மீ. ஓட்டம் 3 மணி 10 நிமிடம். மொத்தம் 8 மணி 23 நிமிடம். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு, சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு என்று இரண்டு முறை மாற, முறைக்கு 6 நிமிடமாக 12 நிமிடம். ஆகக்கூடி 8 மணி 35 நிமிடம். கெடு எட்டரை. ஐந்து நிமிடம் இடிக்கிறது. அதுவும், மூன்றையும் தனித்தனியாகச் செய்தபோது வந்த நேரங்களை அடுத்தடுத்து அப்படியே செய்துவிடுவேன் என்று வைத்துக்கொண்டு.

ஓட்டத்தில் ஐந்து நிமிடம் பிடிக்கலாம் என்றால் உடம்பு சம்மதிக்கவில்லை. ஒரு வருடம் தள்ளிப்போட்டால் 67. நீச்சலில் ஒன்றிரண்டு நிமிடம் கிடைக்கலாம். மற்ற இரண்டிலும் என்ன போகும் என்று யாரால் சொல்ல முடியும்? இந்தப் போட்டியில் காத்திருப்பதற்கும் வட்டி கட்ட வேண்டும்.

நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் மனைவி எட்டிப் பார்த்தாள். மூன்று வருடமாக இந்த விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லாதவள்.

“ஏங்க, ட்ரெஸ் மாத்த எதுக்கு ஆறு ஆறு நிமிஷம்? கல்யாணத்துக்குக் கிளம்பும்போது என்னை என்ன விரட்டு விரட்டுவீங்க?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் தேடிப் படித்துப் பார்த்தால், பெரிய வீரர்களே உடை மாற்றும் நேரத்தை நான்காவது போட்டி என்றுதான் சொல்கிறார்கள். மூச்சும் வயதும் அதில் பெரிதாகக் குறுக்கே வராது. அதுவும் வித்தைதான். மூன்று வாரமாகப் பால்கனியில் பயிற்சி நடக்கிறது. ஷூவுக்குச் சாதாரணக் கயிற்றை எடுத்துவிட்டு இழுத்தால் இறுகும் எலாஸ்டிக் கயிறு போட்டாயிற்று. ஹெல்மெட், கண்ணாடி, நம்பர் கட்டும் பெல்ட் எல்லாம் எடுக்கிற வரிசையில். மனைவி மொபைலில் நேரம் பார்க்கிறாள். ஆறு நிமிடம் ஐந்தானது, நான்கரையானது. நேற்று 3 நிமிடம் 40 விநாடி.

இரண்டு மாற்றமும் இதே நேரத்தில் முடிந்தால் மொத்தம் 8 மணி 30 நிமிடம் 20 விநாடி. இன்னும் 20 விநாடி பாக்கி. வழியில் ஒரு பங்சர் ஆனால் அதோடு கதை முடிந்தது.

போன வாரம் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.